பழைய குவாலிஸுக்குப் பவர் ஸ்டியரிங் ஆயில்: மாற்ற வேண்டுமா, அப்படியே விட வேண்டுமா?

மடிப்பாக்கம்_குவாலிஸ்:
எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் 2003 மாடல் டொயோட்டா குவாலிஸ் டீசல் இருக்கிறது. அப்பா வாங்கிய வண்டி. குடும்பத்தோடு எங்கே கிளம்பினாலும் இன்றைக்கும் அதுதான். கொஞ்ச நாளாகக் காலையில் வண்டியை எடுத்துத் தெருமுனையில் திருப்பும்போது ஸ்டியரிங் பம்ப் பக்கமிருந்து ஒரு முனகல் கேட்கிறது. பத்து நிமிஷம் ஓடினால் அடங்கிவிடும்.

ஆயில் டப்பா மூடியைத் திறந்து, வெள்ளை டிஷ்யூவில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன். சிவப்பு கொஞ்சம்கூட இல்லை. அடர்ந்த பழுப்பு, லேசாகக் கருகின வாடை. நடுவில் கறுப்புப் பொடி தங்கிவிட்டது, எண்ணெய் மட்டும் சுற்றிலும் வளையமாகப் பரவியது. அளவு சரியாகத்தான் இருக்கிறது. தரையிலும் சொட்டு இல்லை.

எங்கள் ஏரியா மெக்கானிக்கோ, "ஓடுற வண்டியை நோண்டாதீங்க சார், ஆயிலை மாத்தினா எல்லா சீலும் ஒழுக ஆரம்பிக்கும்" என்கிறார். சரி, ஆயிலாவது வாங்கி வைப்போம் என்று சென்னையில் உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜி.பி. ரோட்டுக்குப் போனால், ஒரு கடையில் ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கு ஊற்றும் எண்ணெய்) போதும் என்றார்கள். பக்கத்துக் கடையில் பவர் ஸ்டியரிங் ஆயில் என்றே தனி பாட்டில் எடுத்து வைத்தார்கள். யார் சொல்வதைக் கேட்பது?

ஆதம்பாக்கம்_ஸ்பானர்:
தம்பி, உங்கள் மெக்கானிக் சொன்னது அனுபவப் பேச்சு. இத்தனை வருஷம் ஒரே ஆயிலில் ஊறிய ரப்பர் சீல் இறுகிப் போயிருக்கும். அதன் உதட்டில் அழுக்கு படிந்து ஒரு மாதிரி செட்டாகி உட்கார்ந்திருக்கும். புது ஆயிலில் கழுவும் ரசாயனம் உண்டு. அது அந்தப் படிவைக் கரைத்துவிட்டால் மறுநாளே ஸ்டியரிங் பாக்ஸ் அடியில் ஈரம் தெரியும். அப்புறம் பாக்ஸைக் கழற்று, சீல் கிட் தேடு, கிடைக்காவிட்டால் புதுப்பேட்டையில் பழைய பாக்ஸ் பார் என்று அலைச்சல்தான். நல்லபடியாக ஓடிக்கொண்டிருந்த வண்டிகள் இப்படி வாரக்கணக்கில் படுத்ததை நேரில் பார்த்திருக்கிறேன்.

அளவு குறையவில்லை, ஒழுகவில்லை என்று நீங்களே சொல்கிறீர்கள். பெல்ட்டை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். தளர்ந்த பெல்ட்டும் காலையில் சத்தம் போடும். ஆயிலை விட்டுவிடுங்கள்.

லாக்_டு_லாக்:
ஸ்பானர் அண்ணா, மரியாதையோடு மறுக்கிறேன். அழுக்கு அடைத்து நிற்கும் ஒழுகல் ஏற்கெனவே ஒழுகல்தான். அதை மறைத்து வைக்கிறோம், அவ்வளவுதான். அதற்காக மிச்சமிருக்கும் நல்ல பாகங்களையும் சேர்த்துத் தேய விடுவது எப்படிச் சரியாகும்?

அந்த டிஷ்யூவில் நின்ற கறுப்புப் பொடியைக் கவனியுங்கள். ஹோஸின் உட்புற ரப்பர் உதிர்ந்தது, பம்பின் உலோகம் தேய்ந்தது, இரண்டும் அதில் இருக்கும். பம்பின் உள்ளே ஒரு ரோட்டர், அதன் பள்ளங்களில் வெளியே வந்து உள்ளே போகும் மெல்லிய தகடுகள். அந்தத் தகடுகள் சுவரை உரசிக்கொண்டே சுழல வேண்டும். இடையில் இருப்பது இந்த எண்ணெய்ப் படலம் மட்டும்தான். அதில் பொடி கலந்தால் உப்புத்தாள் தேய்க்கிற வேலைதான் நடக்கும்.

சென்னை ஓட்டத்தையும் யோசியுங்கள். நெடுஞ்சாலையில் ஸ்டியரிங் பம்புக்குப் பெரிய வேலை இல்லை. வண்டி நின்ற இடத்தில் சக்கரத்தைத் திருப்பும்போதுதான் அழுத்தம் எகிறும். முழு லாக்கில், அதாவது ஸ்டியரிங்கைக் கோடி வரை திருப்பிப் பிடித்தால், 70, 80 பார் வரை போகும், அதிக அழுத்தத்தை விடுவிக்கும் ரிலீஃப் வால்வு திறக்கும், எண்ணெய் அங்கேயே சுற்றிச் சூடாகும். தி.நகரில் பார்க்கிங் தேடுவதும், மே மாத வெயிலில் கத்திப்பாராவில் ஊர்வதும் அதன் கணக்கில்தான் சேரும். சூட்டில் எண்ணெய் ஆக்சிஜனோடு சேர்ந்து கெடும். கருகின வாடை அதிலிருந்துதான் வருகிறது.

இன்னொன்று. இந்த சீல்கள் பெரும்பாலும் நைட்ரைல் ரப்பர். அதை இளக்கமாக வைத்திருப்பதற்கென்றே ஏடிஎஃப்பில் ஒரு சேர்மானம் இருக்கிறது. பழைய எண்ணெயில் அதன் வலு குறைந்துபோகும். ஆகவே சீலைக் காப்பாற்ற நினைத்தால் ஆயிலை மாற்றுவதுதான் வழி.

அக்கார்டு_2002:
மாற்றணுமா வேண்டாமா என்பது ஒரு பக்கம். எந்த ஆயில் என்பதை யாரும் இன்னும் தொடவில்லையே! நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

என்னுடையது ஹோண்டா. டப்பா மூடியிலேயே ஹோண்டாவின் சொந்த ஆயிலைத்தான் ஊற்ற வேண்டும் என்று போட்டிருக்கும். ஏடிஎஃப் கூடவே கூடாது. நகரில் ஒரு பட்டறையில் சர்வீஸுக்கு விட்டபோது, "எல்லா வண்டிக்கும் இதுதான் சார்" என்று சிவப்பு ஏடிஎஃப்பை முழுக்க ஊற்றிவிட்டார்கள். சில மாதங்களில் ஸ்டியரிங் ஊளையிட ஆரம்பித்தது. அப்புறம் பம்ப் சீல் கசிந்தது. சரியான ஆயிலைத் திரும்பத் திரும்ப மாற்றி ஊற்றியதில் சத்தம் போயிற்று. கசிந்த சீலுக்கு வேறு சீல் போடத்தான் வேண்டியிருந்தது.

ஸ்கோடா, ஃபோக்ஸ்வாகன் வைத்திருப்பவர்களும் உஷாராக இருங்கள். முதல் தலைமுறை ஆக்டேவியாவில் இருப்பது பச்சை நிற ஹைட்ராலிக் எண்ணெய், அது வேறு ஜாதி. அதில் சிவப்பைக் கலந்தால் சீலும் ஹோஸும் பாழாகும். நிறம் என்பது கம்பெனி சேர்க்கிற சாயம்தான். சிவப்பாக இருப்பதெல்லாம் ஒரே எண்ணெய் இல்லை. மூடியில் என்ன எழுதியிருக்கிறது, கையேட்டில் என்ன இருக்கிறது, அது மட்டும்தான் கணக்கு. எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று விற்கும் பாட்டிலை நான் தொடமாட்டேன்.

லாக்_டு_லாக்:
முழுக்கச் சரி. குவாலிஸுக்கு டொயோட்டா சொல்வது டெக்ஸ்ரான் (ஜெனரல் மோட்டார்ஸ் வகுத்த ஏடிஎஃப் தரம்) 2 அல்லது 3 வகை ஏடிஎஃப். அதனால் முதல் கடைக்காரர் சொன்னது இந்த வண்டிக்குப் பொருந்தும். அக்கார்டு அண்ணாவின் வண்டிக்குப் பொருந்தாது.

எண்ணெய்_கணக்கு:
அதிலும் ஒரு சிக்கல் உண்டு. டெக்ஸ்ரான் 3-க்கு உரிமம் கொடுப்பதை ஜெனரல் மோட்டார்ஸ் 2006 கடைசியோடு நிறுத்திவிட்டது. இன்று கடையில் டெக்ஸ்ரான் 3 என்று எழுதியிருக்கும் பாட்டில் எதையும் அவர்கள் சோதித்து ஒப்புதல் தந்ததில்லை. தயாரிப்பவர் சொல்லை நம்பித்தான் வாங்குகிறோம். இப்போது புழக்கத்தில் உள்ளது டெக்ஸ்ரான் 6. அதையே ஊற்றலாம் என்பது என் கட்சி. சீக்கிரம் கெடாது, நுரைக்காது.

ஆதம்பாக்கம்_ஸ்பானர்:
6 தண்ணியாக இருக்குமே! 100 டிகிரி சூட்டில் 3-ன் கெட்டித்தன்மை 7 சென்டிஸ்டோக்ஸுக்கு மேல். 6-க்கு உச்ச வரம்பே 6.4. தேய்ந்த பம்பில் மெல்லிய எண்ணெயை ஊற்றினால் இடுக்கு வழியே நழுவும், அழுத்தம் குறையும். ஏற்கெனவே முனகுகிற பம்ப் அது.

எண்ணெய்_கணக்கு:
அது புது பாட்டில் கணக்கு அண்ணா. ஓட ஓட 3-ன் கெட்டித்தன்மை உடைந்து இறங்கும். 6 தன் அளவிலேயே நிற்கும். கொஞ்ச காலம் ஓடிய பிறகு இரண்டும் ஏறக்குறைய ஒரே இடத்துக்கு வந்துவிடும்.

லாக்_டு_லாக்:
கியர்பாக்ஸுக்கு அந்த வாதம் சரி. இருபது வருஷத்துக்கு மேல் உழைத்த பம்புக்கு நான் 3-ஐத்தான் தேர்ந்தெடுப்பேன். நல்ல பெயருள்ள கம்பெனி பாட்டில், சீல் பிரிக்காதது. ஜி.பி. ரோட்டில் லூஸில் அளந்து தருவதை வாங்க வேண்டாம்.

எப்படி மாற்றுவது என்பதற்கு வருகிறேன். மெஷின் போட்டு ஒரே அழுத்தில் கழுவித் தள்ளுவதைப் பழைய வண்டிக்கு நானும் ஒப்புக்கொள்ளமாட்டேன். ஸ்பானர் அண்ணா பயப்படுவதில் அந்த அளவுக்கு நியாயம் இருக்கிறது. சாதாரண வழி இதுதான். முன்சக்கரம் இரண்டையும் ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். டப்பாவிலிருந்து இரண்டு ஹோஸ் போகும். பம்புக்குப் போவதை விட்டுவிட்டு, திரும்பி வருகிற ஹோஸை, அதாவது ரிட்டர்னை, கழற்றுங்கள். டப்பாவின் வாயை அடைத்துவிட்டு, ஹோஸ் முனையைப் பழைய தண்ணீர் பாட்டிலில் விடுங்கள். இன்ஜின் ஆஃபிலேயே இருக்கட்டும். ஒருவர் ஸ்டியரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை மெதுவாகத் திருப்ப, இன்னொருவர் டப்பா காலியாகாமல் புது ஆயிலை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பாட்டிலில் விழுவது முதலில் கறுப்பாக வரும், அப்புறம் பழுப்பு, கடைசியில் சிவப்பு. மொத்தக் கொள்ளளவு ஒரு லிட்டருக்குப் பக்கம். கழுவியது போக மிஞ்சுவதற்காக இரண்டு லிட்டர் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஹோஸை மாட்டிய பிறகு, இன்ஜின் ஆஃபிலேயே இன்னும் பலமுறை திருப்பிக் காற்றை வெளியேற்றுங்கள். அவசரப்பட்டு ஸ்டார்ட் செய்தால் எண்ணெய் நுரைத்து வெளிறிப்போகும், பம்ப் கத்தும். டப்பாவில் குமிழி வருவது நின்றதும் ஸ்டார்ட் செய்யுங்கள். முழு லாக்கில் சில விநாடிகளுக்கு மேல் பிடிக்கவே கூடாது. அளவு பார்க்கும்போது சூடு, குளிர் என்று தனித்தனிக் கோடு இருக்கும், அதைக் கவனியுங்கள்.

ஆதம்பாக்கம்_ஸ்பானர்:
ரிட்டர்ன் ஹோஸைக் கழற்றும்போது அந்தப் பழைய ஹோஸ் முனை பிளந்துவிட்டால்? காய்ந்த ரப்பர், கிளாம்ப் இருந்த இடத்தில் வெட்டு விழுந்திருக்கும். அதையும் சொல்லிக்கொடுங்கள். நான் இப்போதும் மாற்றச் சொல்லமாட்டேன். மாற்றியே தீருவேன் என்றால் சிரிஞ்ச் முறையோடு நிறுத்துங்கள். டப்பாவில் உள்ளதை மட்டும் உறிஞ்சி எடுத்து, அந்த அளவு புதியதை ஊற்றி, ஒரு வாரம் ஓட்டி, மறுபடி அதையே செய்யுங்கள். சீலுக்குத் திடீர் மாற்றம் தெரியாது. ஒழுகல் நிறுத்தும் மருந்து என்று விற்கிறார்களே, அதைப் போடாதீர்கள். ரப்பரை ஊத வைக்கும், கொஞ்ச நாளில் அதே ரப்பர் கூழாகும். அவசரத்துக்குப் பிரேக் ஆயிலை ஊற்றிக்கொண்டு வருகிறவர்களையும் பார்க்கிறேன். பிரேக் ஆயில் கிளைகால், இந்த சீலுக்கு அது விஷம்.

வேளச்சேரி_வண்டி:
ஒரு விஷயத்தில் மட்டும் இரு தரப்பும் வாதாடவே வேண்டாம். வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால் உடனே மாற்ற வேண்டும். 2015 டிசம்பரிலும், 2023-ல் மிக்ஜாம் புயலிலும் எங்கள் பக்கமும் மடிப்பாக்கமும் என்ன பாடு பட்டன என்று எல்லோருக்கும் தெரியும். டப்பா மூடியில் காற்று போகிற சின்னத் துளை உண்டு. தண்ணீர் மட்டம் அதைத் தாண்டினால் உள்ளே போயிருக்கும். எண்ணெய் பால் கலந்த மாதிரி கலங்கியிருந்தால் ஒரு நாள்கூட ஓட்டக் கூடாது. உள்ளே துரு பிடித்துவிட்டால் எந்த எண்ணெயும் காப்பாற்றாது. குவாலிஸ் அந்த நாள்களில் எங்கே நின்றது?

மடிப்பாக்கம்_குவாலிஸ்:
இரண்டு முறையும் முன்கூட்டியே மேம்பாலத்தில் ஏற்றிவிட்டோம், தண்ணீர் ஏறவில்லை. ஆயிலும் கலங்கலாக இல்லை.

எல்லோர் பதிலையும் படித்துவிட்டு இன்று டார்ச் அடித்துப் பார்த்தேன். ரிட்டர்ன் ஹோஸில் கிளாம்ப் ஓரம் நிஜமாகவே மெல்லிய வெடிப்புகள் இருக்கின்றன. இன்னும் பிளக்கவில்லை. பெல்ட் இறுக்கமாகத்தான் இருக்கிறது. ஆகவே ஆயிலை மாற்றத்தான் போகிறேன். சிரிஞ்சில் ஆரம்பித்து, புது ரிட்டர்ன் ஹோஸும் கிளாம்பும் கையில் வந்த பிறகு லாக்_டு_லாக் சொன்னபடி முழுசாக மாற்றுகிறேன். டெக்ஸ்ரான் 3 இரண்டு லிட்டர் வாங்கியாயிற்று. எடுக்கிற பழைய ஆயிலை என்ன செய்வது? சாக்கடையில் ஊற்ற மனசு வரவில்லை.

லாக்_டு_லாக்:
ஊற்றவே வேண்டாம், அது நேராகப் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குத்தான் போகும். மூடியுள்ள கேனில் பிடித்து, இன்ஜின் ஆயில் மாற்றும் பட்டறையில் கொடுத்தால் அவர்கள் பீப்பாயில் சேர்த்து மறுசுத்திகரிப்புக்கு அனுப்புவார்கள். அங்கே அனுப்புகிறார்களா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

ஆதம்பாக்கம்_ஸ்பானர்:
ஹோஸ் வாங்கும்போது சாதாரணத் தண்ணீர் ஹோஸை வெட்டிக் கொடுத்தால் வாங்காதீர்கள் தம்பி, எண்ணெய் தாங்கும் ஹோஸ் என்று கேட்டு வாங்குங்கள். மாற்றிய அன்று இரவு ஸ்டியரிங் பாக்ஸுக்கும் பம்புக்கும் நேர் கீழே இரண்டு அட்டையைத் தனித்தனியாக விரித்து வையுங்கள். சொட்டு விழுந்தால் எதிலிருந்து என்று அப்போதுதான் தெரியும். விழுந்தால் போட்டோ போடுங்கள், எந்த சீல் என்று சொல்கிறேன்.