சோலைவரிக் காசில் காணியில்லாதவருக்கு வீடு கட்ட முடியுமா? உள்ளூராட்சிச் சபையில் வேலை செய்தவர்கள் சொல்லுங்கள்

தையல்மிஷின் (எழுவான்கரை, மட்டக்களப்பு) கேட்டது:

போன கிழமை அப்பாவின் தகரப்பெட்டியைக் கிளறினேன். அப்பா செத்து ஒன்பது வருடம். சபையின் பதிவேட்டில் இன்னமும் அவர் பெயர்தான் இருக்கிறது, அதை மாற்றத்தான் பழைய கடுதாசி தேடினேன். அடியில் ஒரு சோலைவரி அறிவித்தல் கிடந்தது, வீட்டுக்கும் வளவுக்கும் சபைக்குக் கட்டுகிறோமே, அந்த வரி. வருடாந்தப் பெறுமதி 6,000 ரூபாய், வரி 10 வீதம், வருடத்துக்கு 600. அந்தத் தொகைதான் இன்றைக்கும் வருகிறது. 600 ரூபாய்க்கு இப்போது ஒரு கொத்துரொட்டி கிடைக்கும், அதுவும் கோழி போடாமல்.

அந்த வளவில் இப்போது இருப்பது ஒரு வீடல்ல, மூன்று வீடு. எங்கள் பக்கத்து வழக்கம் தெரியும்தானே, மகளுக்கு வீடு கொடுக்காமல் கலியாணப் பேச்சே எடுபடாது. அப்பாவின் வீடு அக்காவுக்கு, கிணற்றடித் துண்டு எனக்கு, வேலியோரம் தங்கச்சிக்கு. எனக்கும் தங்கச்சிக்கும் சபையில் வீட்டிலக்கமே இல்லை. மூன்று வீட்டுக் குப்பையையும் அந்த 600 ரூபாய்க்கு டிராக்டர் வந்து அள்ளிக்கொண்டு போகிறது. கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

சரி, கேட்க வந்தது வேறு. எங்கள் ஒழுங்கை முடிவில், வாவிக்கரையில், ஐந்து குடும்பம் தகரக்கொட்டிலில் வாடகைக்கு இருக்கிறது. கார்த்திகை பிறந்தால் பாயையும் பிள்ளைகளின் கொப்பிகளையும் சுருட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடுவார்கள். வீட்டுத்திட்டம் வரும்போதெல்லாம் மாதர் சங்கத்தில் அவர்களுக்கு விண்ணப்பம் நிரப்புவது நான்தான். முதல் கேள்வியிலேயே படுத்துவிடும்: "காணி உறுதி (காணிப் பத்திரம்) உண்டா?" இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு வீட்டுக்கு ஐந்தரை லட்சம் கொடுத்தார்கள், ஊரில் சிலர் கட்டியும் முடித்தார்கள். இந்த ஐந்து குடும்பத்தின் பெயரும் பட்டியலில் ஏறவேயில்லை.

வரியைக் கொஞ்சம் கூட்டி, கூட்டிய தொகையை மட்டும் தனியே வைத்து, இப்படிப்பட்டவர்களுக்குக் காணியோ வீடோ சபையே கொடுக்க முடியாதா? மிஞ்சினால் ரோட்டோரம் மரக்கறி பரப்பும் பெண்களுக்கு மேலே கூரை, கீழே சீமெந்துத் தரையோடு ஒரு சந்தை. சட்டம் விடுமா? எந்தச் சபை என்று மட்டும் கேட்காதீர்கள், எல்லாம் தெரிந்த முகங்கள்.

பழைய_வரிப்பகுதி:

பிள்ளை, 31 வருடம் வரிப்பகுதியில் கிளார்க்காக இருந்தவன் சொல்கிறேன்.

வருடாந்தப் பெறுமதி என்றால் என்ன என்று வரி கட்டுகிறவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. அந்த வீட்டை வாடகைக்கு விட்டால் ஒரு வருடத்துக்கு நியாயமாக என்ன கிடைக்கும் என்பதுதான் அது. உங்கள் அப்பாவின் வீட்டுக்கு மாத வாடகை 500 ரூபாய் என்று சபை நம்பிக்கொண்டிருக்கிறது! ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மறுமதிப்பீடு நடக்கவேண்டும். அதை விலைமதிப்பீட்டுத் திணைக்களம் வந்து செய்யவேண்டும், சபை அதற்குக் காசு கட்டவேண்டும், பிறகு வரி ஏறியதற்கு உறுப்பினர்கள் ஏச்சு வாங்கவேண்டும். யார் அவசரப்படுவார்கள்?

ஆகவே வீதத்தைக் கூட்டச் சொல்லாதீர்கள். 10 வீதத்தை 12 ஆக்கினால் உங்கள் 600 ரூபாய் 720 ஆகும், அவ்வளவுதான். பெறுமதியைச் சரியாக்கி, இலக்கமில்லாத வீடுகளைப் பதிவேட்டில் ஏற்றினாலே தொகை மாறும். உங்கள் வளவில் மட்டும் இரண்டு வீடு கணக்கில் இல்லை. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் சீதனத்துக்குத் துண்டாக்கிய வளவுகள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்.

சட்டம் விடுமா என்றால், விடும். நீங்கள் வீட்டுக்குப் பிளான் பாஸ் பண்ணுவது 1915ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வீடமைப்பு, நகர அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ். அது எழுதப்பட்டதே சனங்களின் குடியிருப்பைச் சீராக்கத்தான். மதில் எத்தனை அடி, படி ரோட்டில் நிற்கிறதா என்று பார்க்க மட்டுமே நாங்கள் அதைத் திறந்தோம்.

இன்னொன்றும் கேளுங்கள். வீடு கட்டத் தோதான காணியை ஒன்றும் செய்யாமல் போட்டுவைத்தால் அதற்குத் தனி வரி விதிக்கும் அதிகாரம் மாநகர, நகர, பிரதேச சபை மூன்றுக்கும் இருக்கிறது. என் சேவைக்காலத்தில் அந்த வரிக்கென்று ஒரு அறிவித்தல்கூட நான் டைப் அடித்ததில்லை. காணி கைமாறும்போது முதல் லட்சத்துக்கு 3 வீதமும் மிச்சத்துக்கு 4 வீதமும் முத்திரைத் தீர்வை கட்டுகிறோமே, அதுவும் மாகாணசபை வழியாகச் சபைக்குத்தான் வந்து சேரவேண்டும்.

ஆனால் எல்லாக் காசும் ஒரே சபை நிதியில்தான் விழும். பாதீட்டில் (பட்ஜெட்டில்) உங்கள் விஷயத்துக்குத் தனிச் செலவுத் தலைப்பு திறக்காவிட்டால் தெருவிளக்கும் டிராக்டர் டயரும் அதைத் தின்றுவிடும்.

தறிக்கொட்டில் (மருதமுனை):

சகோதரி, வீடு கட்டுவது ஒரு வேலையே இல்லை. யாருக்கு, எந்தக் காணியில் என்பதுதான் வேலை.

2004 டிசம்பர் 26 சுனாமியில் எங்கள் வீட்டில் மிஞ்சியது கிணறு மட்டும். அப்புறம் கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்றார்கள். மாற்றுக் காணிக்கு மூன்றரை வருடம் அலைந்தோம். காணி கையில் வந்ததும் எட்டு மாதத்தில் வீடு எழும்பிவிட்டது. அக்கரைப்பற்றுப் பக்கம் நுரைச்சோலையைப் பாருங்கள். சவூதிக் காசில் 500 வீடு, பாடசாலை, ஆஸ்பத்திரி எல்லாம் சேர்த்துக் கட்டினார்கள். யாருக்குக் கொடுப்பது என்ற வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. வீடுகள் வருடக்கணக்கில் பற்றையேறிக் கிடந்தன. அங்கே காசு ஒரு குறையே இல்லை.

அதோடு அரச காணி சபையின் கையில் இல்லை, அரசாங்கத்தின் பிரதேச செயலகத்தின் கையில். சபை வரி சேர்க்கலாம், காணியை எங்கே எடுக்கும்?

மறுமதிப்பீடு பற்றியும் ஒரு பயம் இருக்கிறது. கொழும்பில் குடியிருப்புக்கு 22 வீதம், வியாபாரத்துக்கு 32 வீதம். எங்கள் ஊரில் தறி நிற்பது வீட்டுக்குப் பின்னால் கொட்டிலில். மதிப்பிட வருகிறவர் அதை எட்டிப் பார்த்து "வியாபாரத்தலம்" என்று எழுதினால், நாள் முழுக்க இரண்டு சாரன் நெய்கிற மனிசன் புடவைக் கடைக்காரனின் வீதத்தில் வரி கட்டவேண்டும். உங்கள் தையல் மிஷினும் வாசலில்தானே நிற்கிறது? தொழிலை வளர்க்க என்று சொல்லி எடுக்கிற வரி முதலில் நம் காலிலேயே விழக்கூடாது.

குருக்கள்மடத்தான் (ரொறன்ரோ):

அக்கா, இங்கே என் வீட்டு வரிச்சீட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். நகர வரி ஒரு நிரையில், கல்வி வரி ஒரு நிரையில், அதற்குக் கீழே நகரக் கட்டுமான நிதி என்று இன்னொரு நிரை. அந்தக் கடைசி நிரையில் எடுக்கிற காசு போக்குவரத்துக்கும் வீடமைப்புக்கும் மட்டும். 2024இல் எங்கள் சொத்து வரி 9.5 வீதம் ஏறியது, அதில் 1.5 அந்த நிதிக்கு. பல்லைக் கடித்துக்கொண்டுதான் கட்டினேன். ஆனாலும் எங்கே போகிறது என்று சீட்டிலேயே இருப்பதால் சண்டை பிடிக்கவாவது இடம் தெரிகிறது. மதிப்பீடு பழசு என்று கவலைப்படாதீர்கள், இங்கேயும் 2016 ஜனவரி முதலாம் திகதி விலையை வைத்துத்தான் 2026 வரிக்கும் கணக்குப் போட்டார்கள்.

வீட்டைப் பூட்டிப் போட்டால் இங்கே தனி வரி. 2022க்கு 1 வீதமாகத் தொடங்கி 2024இலிருந்து 3 வீதம். ஆளிருக்கிற வீட்டுக்காரரும் வருடாவருடம் "நான் இருக்கிறேன்" என்று நகரசபைக்கு அறிவிக்கவேண்டும். முதல் தரம் மறந்துபோய் மனிசியிடம் வாங்கிக்கட்டினேன்.

இப்போது உண்மையைச் சொல்கிறேன். ஊரில் என் பெயரில் 40 பேர்ச் (கால் ஏக்கர்) வளவு கிடக்கிறது. எட்டுத் தென்னை, ஒரு கேற், ஒரு பூட்டு. பன்னிரண்டு வருடமாக நான் கட்டிய சோலைவரியெல்லாம் சேர்த்தாலும் இங்கே ஒரு மாதத் தண்ணீர்ச் சீட்டுக்குக் காணாது. விற்கவும் மனமில்லை, போய் இருக்கவும் வழியில்லை. எங்கள் ஒழுங்கையில் இப்படிப் பூட்டிய கேற் நான் அறிய ஏழு. வெளிநாட்டுக்காரன் என்று ஏசுங்கள், ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அந்தச் சும்மா கிடக்கிற காணி வரியைப் போட்டால் நான் இரண்டு வருடத்தில் முடிவெடுத்துவிடுவேன். போடாவிட்டால் தென்னைதான் வளரும்.

தையல்மிஷின்:

தம்பி, ஏசவில்லை. எங்கள் ஒழுங்கையிலும் பூட்டிய கேற் மூன்று இருக்கிறது, இரண்டு லண்டன், ஒன்று சுவிஸ். வாவிக்கரைக் குடும்பங்களின் ஆடுகள் வேலிக்குள்ளால் புகுந்து அங்கேதான் மேய்கின்றன. ஆட்டுக்கு இடமிருக்கிறது.

மருதமுனைக் காக்கா (அண்ணன்) சொன்ன பயம் எனக்கும் உண்டு. இரண்டு மிஷினுக்கு மேலே இருந்தால்தான் வியாபாரம் என்று ஏதாவது ஒரு கோடு சபை முதலிலேயே போடவேண்டும், பிறகு மதிப்பிட வரட்டும். காணி விஷயத்தில் மட்டும் உங்களோடு முழுதாக ஒத்துப்போக முடியவில்லை. அரச காணிக்குப் பிரதேச செயலாளர் வேண்டும், சரி. சபையின் கையில் காசு இருந்தால் தனியாரிடமே ஐம்பது பேர்ச் வாங்கி ஐந்தாய்ப் பிரிக்கலாமே. பத்துப் பேர்ச் என்றால் வீடு, கிணறு, மலசலகூடம் எல்லாம் அடங்கும். உறுதி கைக்கு வந்துவிட்டால் வீட்டுக்கு வேறு திட்டங்களில் விண்ணப்பம் போட நான் இருக்கிறேன். சபை வீடு கட்டவே வேண்டாம்.

ஆகவே என் கேள்வியைத் திருத்திக்கொள்கிறேன்: வெறுங்காணி வரியைப் போடு, அதைத் தனித் தலைப்பில் வை, அந்தக் காசில் காணி வாங்கு. சந்தைக்கூரை பிறகு பார்க்கலாம். அடுத்த பாதீட்டுக்கு முன்னால் மாதர் சங்கத்தின் பெயரில் ஒரு கடிதம் கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். ஐயா, சொற்களைச் சரிபார்த்துத் தருவீர்களா?

பழைய_வரிப்பகுதி:

தருகிறேன், எழுதி அனுப்புங்கள். "வரியைக் கூட்டு" என்ற சொல் எங்கேயும் வராமல் எழுதுங்கள், வந்தால் அந்தக் கடிதத்தைச் சபையில் வாசிக்கவே மாட்டார்கள்.

அதற்கு முன்னால் உங்கள் வீட்டுக்கும் தங்கச்சி வீட்டுக்கும் இலக்கம் எடுத்துவிடுங்கள். இலக்கமில்லாத வீட்டில் இருந்துகொண்டு மற்றவன் காணிக்கு வரி கேட்டால் முதல் கேள்வி அதுதான் வரும். உறுதி, நில அளவைப் பிளான், அப்பாவின் இறப்புச் சான்றிதழ் எல்லாவற்றிலும் இரண்டிரண்டு போட்டோக்கொப்பி கொண்டுபோங்கள். ஜனவரி 31க்கு முன்னால் வருட வரியை ஒன்றாகக் கட்டினால் 10 வீதம் கழிவு உண்டு. அன்றைக்கு மட்டும் போய்விடாதீர்கள், வரிசை ரோட்டில் நிற்கும்.