ஆர்கானிக் காப்பி கேட்டு வருகிறவர்கள்: உங்கள் அனுபவம் எப்படி?

மதுரை தூள்கடை:
வறுத்து அரைத்துக் கொடுக்கிற கடை நம்முடையது. முன்பெல்லாம் "பீபெரி பாதி, பிளான்டேஷன் ஏ பாதி" என்று கொட்டை ரகம் சொல்வதோடு பேச்சு முடிந்துவிடும். இப்போது மருந்தடிக்காத கொட்டை இருக்கா என்று கேட்காத நாளில்லை. போன வாரம் ஒரு அம்மா பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து ஆர்கானிக் பொருளுக்கான ஜைவிக் பாரத் முத்திரையைக் கண்டுபிடித்தார். முகம் மலர்ந்தது. அடுத்த வார்த்தை: "இதோட நூற்றுக்கு நாற்பது சிக்கரி சேர்த்திருங்க தம்பி, டிகாஷன் கெட்டியா இறங்கணும்." குஜராத்தில் விளைகிற அந்தச் சிக்கரி என்ன மருந்து குடித்ததோ, அதை யாரும் கேட்பதில்லை!

தாண்டிக்குடித் தோட்டம்:
அண்ணே, முத்திரை சும்மா வராது. ரசாயனத்தை நிறுத்தி 3 வருஷம் ஆகணும்; அதுவரை விளைச்சலும் குறையும், சாதா விலைதான். அரபிகா வகைக் காப்பிச் செடியில் தண்டுத் துளைப்பான் புழு வந்தால் தண்டைச் சுற்றி வரிவரியாக மேடு தட்டும். அந்தச் செடியைப் பிடுங்கிக் கொளுத்த வேண்டியதுதான். வராமலிருக்க நார்க் கையுறை போட்டுத் தளர்ந்த பட்டையைச் செடி செடியாகத் தேய்த்து எடுக்கிறோம். உங்கள் கடையில் விலை கூடுதலாகத் தெரிகிறதே, பாதி இந்தக் கூலிதான்.

ஏற்றுமதிக் கணக்கர், கோவை:
ஃபேர் டிரேட் கதையே வேறு. விவசாயிக்கு இதற்குக் கீழே விலை போகாது என்று ஓர் அடிவிலை வைக்கிற சான்றிதழ் அது. கழுவிப் பதப்படுத்திய அரபிகாவுக்கு அடிவிலை ஒரு பவுண்டு எடைக்கு 1.40 டாலராக இருந்தது. 2023 ஆகஸ்டில் 1.80 ஆக்கினார்கள். ஆர்கானிக் என்றால் 40 சென்ட் கூடுதல். 2019இல் நியூயார்க் காப்பிச் சந்தை விலை 1 டாலருக்குக் கீழே போனபோது அந்த அடிவிலை கைகொடுத்தது. 2025 தொடக்கத்தில் சந்தை 4 டாலரைத் தாண்டியதும் அடிவிலையை யார் மதிப்பார்கள்? எங்களிடம் வாங்குகிற வெளிநாட்டுக்காரர்கள் அப்போதும் சான்றிதழைத்தான் முதலில் கேட்டார்கள். அவர்கள் ஊர்க் கடையில் அந்த முத்திரைக்குத்தான் மவுசு.

மதுரை தூள்கடை:
தாண்டிக்குடித் தம்பி, முத்திரை இல்லாத கொட்டையை நான் வாங்கி "ஆர்கானிக்" என்று எழுதி விற்க முடியாது, சட்டம் விடாது. சிறு விவசாயி நேரே குடிக்கிறவருக்கு விற்றால் விலக்கு உண்டு. கேட்டு வருகிறவர்களை உங்களிடமே அனுப்பட்டுமா?

தாண்டிக்குடித் தோட்டம்:
அனுப்புங்கண்ணே. பச்சைக் கொட்டைதான் தருவேன். வறுக்க உங்களிடம்தான் வரணும்.