கையெழுத்து இல்லாத பழைய இயற்கைக் காட்சிப் படம்: எப்படி மதிப்பிடுவது?

பள்ளத்தூரான்:
எங்க பழைய செட்டிநாட்டு வீட்டின் இரண்டாம் கட்டில் (உள்பகுதியில்) மாட்டியிருந்த படம். துணியில் வரைந்த மாதிரி தெரியுது. 2 அடி உயரம், 3 அடி அகலம், தேக்குச் சட்டம். ஆறு, பாய்மரப் படகு, தென்னை, தூரத்தில் வெள்ளைக் கோபுரம். கையெழுத்து எங்கும் இல்லை. பார்க்க வந்த வியாபாரி "சட்டத்துக்குத்தான் காசு" என்கிறார். ஈரத்துணியால் ஒரு மூலையைத் துடைத்தேன், வெள்ளை பூத்துவிட்டது. உருளைக்கிழங்கை வெட்டித் தேய்த்தால் சரியாகுமா?

மரச்சட்டம்:
கிழங்கைக் குழம்புக்கு வைங்க தம்பி. அதன் ஈரமும் மாவும் வெடிப்புக்குள் இறங்கினால் பூஞ்சை பிடிக்கும், பெயிண்ட் செதில் செதிலாக எழும்பும். வெள்ளை பூத்தது பெரும்பாலும் வார்னிஷில் ஈரம் ஏறியதால்தான். வெயிலில் காட்டாமல் காற்றோட்டமான நிழலில் விடுங்க. தேங்காய் எண்ணெயும் வேண்டாம்.

முதல் கேள்வி, அது வரைந்ததா அச்சடித்ததா? ரவிவர்மா அச்சகம் 1894இல் தொடங்கியதிலிருந்து ஓலியோகிராஃப் எனும் வண்ண அச்சுப் படங்கள் வீடு வீடாக மாட்டப்பட்டன. ஓலியோகிராஃப் என்றாலே எண்ணெய் ஓவியம் போலத் தெரிய வார்னிஷ் பூசி, சிலதில் துணி வரியும் அழுத்தியிருப்பார்கள். விரலால் தடவினால் ஏமாறுவோம். 10 மடங்கு லென்ஸில் வானத்தைப் பாருங்க: ஒழுங்கற்ற புள்ளிகள் என்றால் பழைய கல்லச்சு (கல்லில் வரைந்து அச்சடித்தது), பூப்போல் வட்டம் கட்டிய புள்ளிகள் என்றால் பிற்கால ஆஃப்செட் அச்சு. பிறகு அறையை இருட்டாக்கி, டார்ச்சைப் பக்கவாட்டில் படுக்கவைத்து அடிங்க. தூரிகை மேடு அலையோடும் ஓலையோடும் வளைந்து போகும். அழுத்திய வரி படகு, வானம் பார்க்காமல் ஒரே மாதிரி ஓடும்.

வளவு:
முன்பக்கத்தைவிடப் பின்பக்கம்தான் பேசும். இழுப்புச் சட்டத்தின் (துணியை இழுத்துக் கட்டிய உள் மரச்சட்டம்) கட்டைக்கு அடியில் துணி வெளுத்தும், வெளியே பழுத்தும் இருந்தால் நல்லது. டீத்தூளில் நனைத்துப் பழசாக்கியது எங்கும் ஒரே நிறமாக இருக்கும். துருப்பிடித்த ஆணியா, ஸ்டேப்ளரா? ஸ்டேப்ளர் இருப்பதால் மட்டும் படம் புதுசு ஆகாது, பிற்காலத்தில் மறுபடி இழுத்துக் கட்டியிருக்கலாம். பர்மாவிலிருந்து வந்த படமாகவும் இருக்கலாம், அதனால் பர்மிய எழுத்தோ சட்டக்கடைச் சீட்டோ இருந்தால் உரிக்காமல் படம் எடுங்க.

பள்ளத்தூரான்:
புள்ளி இல்லை, தூரிகை மேடு இருக்கு. துருப்பிடித்த ஆணி, கட்டைக்கு அடியில் வெளுப்பு. 365 நானோமீட்டர் புறஊதா டார்ச்சில் வானம் மஞ்சள் பச்சையாக ஒளிருது. படகின் பாய் மட்டும் கறுப்பு.

மரச்சட்டம்:
பாயில் பிற்காலத்தில் யாரோ மேலே வண்ணம் பூசியிருக்கலாம். டைட்டானியம் வெள்ளை அப்படித்தான் கறுத்துத் தெரியும், அது 1920 வாக்கில்தான் ஓவிய வண்ணமாக விற்பனைக்கு வந்தது. வானத்தின் ஒளி துத்தநாக வெள்ளை வண்ணமாக இருக்கலாம், பழைய வார்னிஷாகவும் இருக்கலாம். துத்தநாகம் இன்றும் விற்கிறது, அதை வைத்து வயது சொல்லாதீங்க.

வளவு:
கோபுர உச்சியைப் பெரிதாக்கிப் பாருங்க. மணி வடிவ உடலும் மேலே குடையும் என்றால் பர்மா பகோடா. கையெழுத்து இல்லாத படத்துக்கு ஆள் பெயர் தேடுவதைவிட வட்டாரம், காலம், பாணி சொல்ல முடிந்தால் போதும். அந்தப் படம் பின்னணியில் தெரியும் பழைய கல்யாண போட்டோ ஒன்று கிடைத்தால் வியாபாரி பேச்சே மாறும்.

மதிப்பீட்டாளரிடம் காப்பீட்டுக்கா விற்பனைக்கா என்று முதலிலேயே சொல்லுங்க, இரண்டு தொகையும் ஒன்றல்ல. சட்டம் நீக்கிய அளவு சென்டிமீட்டரில், நேர்வெளிச்சம், பக்கவெளிச்சம், பின்பக்கம், நான்கு மூலை எல்லாவற்றுக்கும் படம் வேணும். பழுதுபார்க்கும் செலவு விலையில் கழியும். 100 வயது தாண்டியிருந்தால் இந்தியாவின் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி தொல்பொருள், வெளிநாட்டுக்கு விற்று அனுப்ப முடியாது.

பள்ளத்தூரான்:
சட்டத்தை மட்டும் கழற்றிக் கொடுத்துவிடலாமா அண்ணே?

மரச்சட்டம்:
வேண்டாம். படத்தின் விளிம்பில் வெயில் படாத பட்டை இருக்கும். அதன் அகலமும் சட்டத்தின் உள் பள்ளமும் பொருந்தினால் இரண்டும் நெடுநாள் ஜோடி. பொருந்தாவிட்டால் அப்புறம் பேசலாம்.