பேட்டர்நாஸ்டர் ரோவை அழித்தது தீயா, திட்டமா?

ஈயஎழுத்து: லண்டன் செயின்ட் பால் தேவாலயத்துக்கு வடக்கே இருந்த பேட்டர்நாஸ்டர் ரோ என்ற புத்தகத் தெருவை ஜெர்மன் குண்டு அழித்தது என்றே எல்லாரும் எழுதுகிறார்கள். பாதிதான் சரி. 1940 டிசம்பர் 29 இரவு எரிந்தது கட்டடங்கள். தெரு ஓடிய கோடே இல்லாமல் துடைத்தது போருக்குப் பின் நகரத் திட்டக்காரர் ஹோல்ஃபர்ட் போட்ட திட்டம். 1960களில் அங்கே அலுவலக அடுக்குகளும் வெட்டவெளியும் வந்தன. பெயர் மட்டும் இன்று ஒரு துண்டு நடைபாதையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

தையல்கட்டு: தெரு என்றால் வெறும் கோடா சார்? அங்கே நடந்த வியாபாரத்தைப் பாருங்கள். சிம்கின் மார்ஷல் என்ற மொத்த வியாபாரி அதை ஒட்டித்தான் இருந்தார்கள். ஊர்க்கடைக்காரர் பத்துப் பதிப்பகத்தில் ஒவ்வொரு பிரதி கேட்டாலும் ஒரே கட்டாகக் கட்டி அனுப்புவார்கள். பையன்கள் பையைத் தூக்கிக்கொண்டு பதிப்பகம் பதிப்பகமாக நடந்தே சரக்கு சேர்த்துவிடலாம், அவ்வளவு நெருக்கம். அந்த நெருக்கம் ஒரே இரவில் போயிற்று.

ஈயஎழுத்து: நெருக்கம்தானே எரியவும் காரணம்?

தையல்கட்டு: ஒரு காரணம். தீக்குண்டு ஒன்று சுமார் 1 கிலோதான். கூரையில் விழுந்த சில நிமிடங்களில் ஆள் இருந்தால் மணல் வாளி போதும். அன்று ஞாயிற்றுக்கிழமை, அலுவலகங்கள் பூட்டிக் கிடந்தன. தண்ணீர்க் குழாய்கள் உடைந்தன. தேம்ஸில் நீர் வற்றியிருந்த நேரம், குழாயை இறக்கினால் சேறு. ஐம்பது லட்சம் புத்தகங்கள் எரிந்தன என்பது வழக்கமாகச் சொல்லும் கணக்கு.

மவுண்ட்ரோடு: லாங்மன்ஸ் பதிப்பகத்தின் பழைய புத்தகம் கையில் இருப்பவர்கள் தலைப்புப் பக்கத்தைப் பாருங்கள்: ‘39, பேட்டர்நாஸ்டர் ரோ, லண்டன்’; கீழே பம்பாய், கல்கத்தா, மெட்ராஸ். 1724 முதல் அந்தத் தெருவில் இருந்தவர்கள். ஆனால் ஜான் மரே போன்ற பதிப்பாளர்கள் 19ஆம் நூற்றாண்டிலேயே மேற்கு லண்டனில்தான் கடை வைத்திருந்தார்கள். தெரு ஏற்கெனவே தனிக்காட்டு ராஜா இல்லை.

ஈயஎழுத்து: அதைத்தான் சொல்கிறேன். மனைகள் அப்படியே இருந்தன. பழைய கோட்டிலேயே கட்டவிட்டிருந்தால் திரும்பி வந்திருப்பார்கள்.

தையல்கட்டு: எதை வைத்துக்கொண்டு வருவது? போர்க்காலக் காகிதப் பங்கீடு 1940-இல் போருக்கு முந்தைய அளவில் 60 சதவீதம், 1942-இல் 37.5. எரிந்ததை மறுபடி அச்சடிக்கக் காகிதம் இல்லை. புதுசுக்குப் போட்டால் பழைய தலைப்பு அச்சிலேயே இருக்காது. 1956-இல் ஹோல்ஃபர்ட் வரைபடத்தோடு வரும்போது பதிப்பகங்கள் வேறு இடங்களில் வேர்விட்டாயிற்று.

ஈயஎழுத்து: காகிதப் பங்கீடு லண்டன் முழுக்கத்தானே? மற்ற பதிப்பகங்கள் பிழைக்கவில்லையா?

தையல்கட்டு: பிழைத்தார்கள். அவர்களுடைய கிடங்கு எரியவில்லையே. சிம்கின் மார்ஷலைப் பாருங்கள்: சரக்கு போன பிறகு புது நிறுவனமாக எழுப்பினார்கள், 1951-இல் பதிப்பாளர் ராபர்ட் மேக்ஸ்வெல் வாங்கினார், 1955-இல் மூழ்கிவிட்டது. திட்டம் வருவதற்கு ஒரு வருஷம் முன்னால்!