மறு: சங்கிலி நீட்சியா, மூட்டுத் தேய்வா?

> "சங்கிலி நீட்சி" என்றே வைத்துவிடலாமே. பழுது பார்ப்பவர்களும் "செயின் நீண்டுவிட்டது" என்றுதான் சொல்கிறார்கள்.

அன்புள்ள ஐயா,

சைக்கிள் சங்கிலி ஓட ஓட நீண்டுபோவதற்குத் தமிழில் என்ன கலைச்சொல் வைப்பது என்ற நம் பேச்சில், "சங்கிலி நீட்சி" போதும் என்கிறீர்கள். சங்கிலி நீள்வது உண்மைதான். ஆனால் இரும்பு நீள்வதில்லை. இயற்பியலில் நீட்சி என்றால் விசை இழுக்க, பொருளே நீள்வது. சைக்கிள் மிதிக்கிற விசைக்குச் சங்கிலியின் தகடுகள் அப்படி நிரந்தரமாக நீள்வதில்லை. பழைய சங்கிலியிலிருந்து ஓர் ஆணியை (கடைகளில் 'பின்') தட்டிக் கழற்றிப் பாருங்கள். இரு முனைகளும் உருண்டையாகவே இருக்கும். உள்கண்ணி (வெளித்தகடுகளுக்கு நடுவே இருக்கும் கண்ணி) உரசும் நடுப்பகுதியில் மட்டும் ஒரு பக்கம் பள்ளம் விழுந்திருக்கும். நகத்தால் வருடினால் விளிம்பு தட்டும். எண்ணெயில் ஒட்டிய மணல் அரைத்த பள்ளம் அது. மூட்டுக்கு மூட்டு இப்படி மயிரிழை தளர்ந்து, நூற்றுச் சொச்சம் மூட்டுகளும் சேரும்போது சங்கிலி நீண்டுவிடுகிறது.

ஆகவே காரணத்துக்கு "மூட்டுத் தேய்வு" என்பதே என் பரிந்துரை. முழங்கால் வலி உள்ள வீடுகளில் ஏற்கெனவே புழங்கும் சொல், விளக்கமே தேவையில்லை. விளைவுக்கு "நீள்வு". நாம் அளப்பது இதைத்தான். முன்பு பரிந்துரையாக வந்த "தேய்நீட்சி" ஓசைக்கு அழகு. ஆனால் தேய்பிறை போல வினைத்தொகையாகப் படித்தால், குறைந்துகொண்டே போகும் நீட்சி என்று பொருள் தலைகீழாகிவிடும்.

இரண்டையும் பிரித்துவிட்டால் செய்முறை எழுதுவதும் எளிது. சங்கிலியை விறைப்பாக வைத்து, ஓர் ஆணியின் நடுவிலிருந்து அடுத்த 24ஆவது ஆணியின் நடுவரை அடிக்கோலால் அளக்க வேண்டும். புதிதில் 12 அங்குலம், அதாவது 304.8 மி.மீ. பின்சக்கரத்தில் 11, 12 கியர் உள்ள வண்டிகளில் நீள்வு 0.5 விழுக்காட்டை (சுமார் 1.5 மி.மீ.) தொட்டால் மாற்றிவிடுவது நல்லது. 8 முதல் 10 கியர் என்றால் 0.75, கியர் இல்லாத சாதாரண சைக்கிளுக்கு 1 விழுக்காடு வரை தாங்கும். அதையும் தாண்டி ஓட்டினால் பல்சக்கரமும் நீண்ட சங்கிலிக்கு ஏற்பத் தேய்ந்துவிடும். பிறகு புதுச் சங்கிலி போட்டாலும் பல்லில் உட்காராமல் வழுக்கும், செலவு இரட்டிப்பாகும்.

வரையறையில் "ஆணி முதல் ஆணி வரை" என்பதைக் கட்டாயம் சேர்க்க வேண்டும். கடையில் விற்கும் அளவிகள் பலவும் உருளைகளை (ஆணியைச் சுற்றிச் சுழலும் சிறு வளையங்களை) எதிரெதிராகத் தள்ளி அளப்பதால், உருளையின் ஆட்டமும் கணக்கில் சேர்ந்து நீள்வு கூடுதலாகத் தெரியும். அதற்கு "உருளைத் தளர்வு" என்று தனிச்சொல் வைக்கலாமா? மற்றவர்களும் சொல்லுங்கள்.