மறுபயனீட்டு நிறுவனப் பங்கு: 2.8 காசுக்கு வாங்கினேன், இப்போது 4.1. இன்னும் வாங்கலாமா?

குமரன், உட்லண்ட்ஸ்

எல்லாருக்கும் வணக்கம். பங்குச் சந்தைக்கு நான் புதிது. சிங்கப்பூர்ப் பங்குச் சந்தையில் சிறிய, வளரும் நிறுவனங்களுக்கான பிரிவான கேட்டலிஸ்ட்டில் உள்ள ஒரு மறுபயனீட்டு நிறுவனத்தின் பங்கை வாங்கி வைத்திருக்கிறேன். எங்கள் தொழிற்சாலை நண்பர்கள் டெலிகிராம் குழுவில் பேசிக்கொண்டதைப் பார்த்து வாங்கியது. பெயரைப் போட்டால் ஆளாளுக்கு வாங்கவோ விற்கவோ ஓடுவார்கள், அதனால் வேண்டாம். பழைய கணினி, கைப்பேசி, பேட்டரி எல்லாம் வாங்கிப் பிரித்து உலோகம் எடுப்பது அவர்கள் தொழில்.

2.8 காசு விலையில் 150,000 பங்கு வாங்கினேன். கமிஷன் நீங்கலாக 4,200 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). இன்றைக்கு 4.1 காசு, அதாவது 6,150 வெள்ளி. வெளிநாட்டு நிறுவனத்தோடு புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டாயிற்று, பேட்டரி ஆலை வருகிறது, 10 காசு நிச்சயம் என்று குழுவில் சொல்கிறார்கள்.

என்னிடம் ஓவர்டைம் சேமிப்பு 15,000 வெள்ளி இருக்கிறது. அடுத்த வருடம் பிடிஓ வீட்டுச் (அரசாங்கம் கட்டி விற்கும் புது அடுக்குமாடி வீடு) சாவி கிடைத்ததும் ரெனொவேஷனுக்கு என்று ஒதுக்கியது. அதை இதில் போடலாம் என்று நினைக்கிறேன். மனைவி தயங்குகிறார். நண்பர் ஒருவர், “உன் காசைத் தொடவே வேண்டாம், காண்ட்ராவில் வாங்கி விற்றுவிடு” என்கிறார், அதாவது காசு கட்ட வேண்டிய நாளுக்குள் விற்றுவிடுவது. இன்னொருவர் மசேநிதியை (ஓய்வுக்காலச் சேமிப்பான மத்திய சேமநிதி, சிபிஎஃப்) பயன்படுத்தச் சொல்கிறார். விவரம் தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள். மறுபயனீடு வளரும் துறைதானே?

பச்சைமண்

நானும் இந்தத் துறைப் பங்குகள் வைத்திருக்கிறேன். நீண்டகால நோக்கில் எனக்கு நம்பிக்கை உண்டு. சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சுமார் 60,000 டன் மின்கழிவு சேர்கிறது. குப்பையைக் கொண்டுபோய்ப் புதைக்கும் செமாக்காவ் நிலநிரப்பு இடம் 2035 வாக்கில் நிறைந்துவிடும் என்கிறார்கள். வீடுகளின் மறுபயனீட்டு விகிதம் 2023இல் 12 விழுக்காடுதான், அதை உயர்த்தியே ஆக வேண்டும். 2019இல் சட்டம் வந்தது, 2021இல் மின்கழிவுத் திட்டம் வந்தது, ஏப்ரல் 1, 2026 முதல் பான போத்தலுக்கும் கேனுக்கும் 10 காசு வைப்புத்தொகை. அரசாங்கமே பின்னால் நிற்கிற துறை. விலை இறங்கினாலும் பொறுமையாக வைத்திருந்தால் பலன் வரும் என்பது என் கருத்து.

துவாஸ் செல்வம்

தம்பி குமரன், நான் துவாஸில் ஒரு பழைய உலோக யார்டில் வேலை செய்கிறேன். லாரி உள்ளே வந்ததும் எடை போட்டு, தரம் பார்த்து, விலை சொல்வது என் வேலை. பங்கு விலை எந்தப் பக்கம் போகும் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. இந்தத் தொழிலில் காசு எப்படி வருகிறது, எங்கே மாட்டிக்கொள்கிறது என்பதைத் தினமும் பார்க்கிறேன். உங்கள் குழுவில் யாரும் அதைப் பேசுவதாகத் தெரியவில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

மின்கழிவு எடுக்கும் நிறுவனத்துக்கு வருமானம் இரண்டு வழியில் வரும். கழிவைக் கொடுப்பவரே கட்டணம் கட்டுவது ஒன்று. வங்கிகளும் டேட்டா சென்டர்களும் பழைய ஹார்ட் டிஸ்க்கை அழித்துச் சான்றிதழ் தரச் சொல்வார்கள், அதற்குக் காசு தருவார்கள். தாமிரம் ஏறினாலும் இறங்கினாலும் இந்தக் காசு வரும். இன்னொன்று, நாமே காசு கொடுத்துக் கழிவை வாங்கி, பிரித்து, உலோகத்தை விற்பது. இங்கே லாபம் என்பது வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் நடுவில் கிடைக்கிற சின்ன இடைவெளிதான். நல்ல சரக்கு என்றால் அதே லாரிக்கு நாலு யார்டு விலை கேட்கும், அந்த இடைவெளி இன்னும் சுருங்கும். கழிவு பெருகினால் லாபமும் பெருகும் என்ற கணக்கு அதனால்தான் எனக்குச் சரியாகப் படவில்லை.

மதர்போர்டையே எடுத்துக்கொள்ளுங்கள். இன்றைய தாமிர விலை, தங்க விலையைப் பார்த்து நாங்கள் வாங்குகிறோம். சர்வர் போர்டு ஒரு விலை, டிவி போர்டு அதில் சின்னப் பங்குகூட வராது. கலந்து வந்தால் உட்கார்ந்து பிரிக்க வேண்டும். ஒரு கண்டெய்னர் சேரும்வரை சரக்கு யார்டிலேயே கிடக்கும். பிறகு ஜப்பானிலோ பெல்ஜியத்திலோ உள்ள உருக்காலைக்குக் கப்பலில் போகும். அங்கே மாதிரி எடுத்துச் சோதித்து, எத்தனை கிராம் தங்கம், எத்தனை விழுக்காடு தாமிரம் என்று முடிவான பிறகுதான் முழுக் காசும் வரும். அதற்கு மாதக்கணக்கில் ஆகும். நடுவில் விலை சரிந்தால் முன்கூட்டியே விலையைப் பிடித்து வைக்காத நிறுவனத்துக்கு நஷ்டம். பழைய சாமான் வாங்க வீட்டு வாசலில் ஹாரன் அடித்து வரும் கராங் குனி அங்கிள் காலையில் வாங்கியதைச் சாயந்திரமே விற்றுவிடுவார், அவருக்கு இந்தத் தலைவலி கிடையாது.

அபாயக் கழிவு நாடு விட்டு நாடு போவதைக் கட்டுப்படுத்தும் அனைத்துலக ஒப்பந்தமான பாசல் உடன்பாட்டில் செய்த மாற்றத்தால், 2025 ஜனவரி 1 முதல் எந்த வகை மின்கழிவை நாடு விட்டு நாடு அனுப்பவும் சரக்கைப் பெறும் நாட்டின் முன் அனுமதி வேண்டும். இது நல்ல விதிதான். ஏழை நாடுகளில் போய்க் கொட்டுவதைத் தடுக்கிறது, நான் அதை மனதார வரவேற்கிறேன். ஆனால் அனுமதித் தாள் வரும்வரை கண்டெய்னர் நகராது. வாங்கிய சரக்குக்கு வங்கி வட்டி மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். இப்படிப்பட்ட தொழிலில் விற்பனை கூடியது என்ற செய்தியை மட்டும் பார்த்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது. ஆண்டறிக்கையில் ‘செயல்பாட்டிலிருந்து வந்த ரொக்கம்’ என்று ஒரு வரி இருக்கும், முதலில் அதைப் பாருங்கள்.

பச்சைமண் சொன்ன கழிவுக் கணக்கில் தப்பு இல்லை. ஆனால் அந்தக் கழிவால் வரும் காசு யாருக்குப் போகிறது? 2021 ஜூலையில் மின்கழிவுத் திட்டம் தொடங்கியபோது வீட்டு மின்கழிவைத் திரட்ட ஆல்பா என்ற ஒரே நிறுவனத்தைத்தான் நியமித்தார்கள். போத்தல் திட்டத்தை நடத்துவது கோக்ககோலா, எஃப் அண்ட் என், பொக்கா மூன்றும் சேர்ந்து அமைத்த, லாப நோக்கில்லாத நிறுவனம். உங்கள் நிறுவனத்துக்கு இதில் என்ன வேலை கிடைத்திருக்கிறது, ஒப்பந்தம் எத்தனை ஆண்டுக்கு என்று அவர்களே அறிவித்திருந்தால் மட்டும் கணக்கில் சேருங்கள்.

அப்புறம் அந்தப் பேட்டரி ஆலை. கனடாவின் லை-சைக்கிள் கதையைக் கட்டாயம் படியுங்கள். 2021 ஆகஸ்ட்டில் நியூயார்க் சந்தைக்கு வந்த பேட்டரி மறுபயனீட்டு நிறுவனம் அது. 2023 பிப்ரவரியில் அமெரிக்க அரசாங்கம் 375 மில்லியன் டாலர் கடன் தருவதாக நிபந்தனையோடு ஒப்புக்கொண்டது. அதே ஆண்டு அக்டோபரில் செலவு கையை மீறிப் போய், ராச்செஸ்டர் நகரில் கட்டிக்கொண்டிருந்த ஆலை வேலையை நிறுத்தினார்கள். பங்கு ஒரே நாளில் ஏறக்குறையப் பாதியானது. 2025 மே மாதம் கடன்காரர்களிடமிருந்து நீதிமன்றப் பாதுகாப்பு கேட்டார்கள். லித்தியம் விலையும் கைகொடுக்கவில்லை. சீனாவில் 2022 நவம்பரில் டன் 600,000 யுவானை நெருங்கிய லித்தியம் கார்பனேட், 2023 முடிவில் 100,000 யுவான் பக்கம் வந்துவிட்டது. பேட்டரியில் உலோகம் இருப்பது உண்மை. அதை எடுக்கிற செலவு, எடுத்ததை விற்கிற விலையை விடக் கூடிவிட்டால் ஆலை ஓட ஓட நஷ்டம்தான்.

மீனா, பொங்கோல்

செல்வம் அண்ணன் தொழிலைச் சொல்லிவிட்டார். நான் கணக்குத் தணிக்கை வேலையில் இருப்பதால் பங்குப் பக்கத்தைச் சொல்கிறேன்.

குமரன், காண்ட்ரா வேண்டவே வேண்டாம். இரண்டு வேலை நாளில் செட்டில்மென்ட். அதற்குள் விற்க முடியாவிட்டால் முழுத் தொகையும் கட்ட வேண்டும், குறைந்த விலைக்கு விற்றால் வித்தியாசத்தை ரொக்கமாகக் கட்ட வேண்டும். 4.1 காசுப் பங்கின் விலை 0.1 காசு அசைந்தாலே 2.4 விழுக்காடு. வாங்க ஆள் இல்லாத நாளில் நாலைந்து படி ஒன்றாக இறங்கும். 2013 அக்டோபரில் புளூமோன்ட், ஏஷியாசன்ஸ், லயன்கோல்ட் மூன்றும் சில நாளில் சரிந்து, ஏறக்குறைய 8 பில்லியன் வெள்ளி சந்தை மதிப்பு போனது. விலையைச் செயற்கையாக ஏற்றிய வழக்கில் முக்கியக் குற்றவாளிக்கு 36 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது 2022 டிசம்பரில்தான். கடன்பட்டு வாங்கிய சிறு முதலீட்டாளருக்கு அந்தத் தீர்ப்பால் காசு திரும்பவில்லை. உங்கள் நிறுவனமும் அப்படி என்று நான் சொல்ல வரவில்லை. சில காசுப் பங்கில் கடன் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்காகச் சொல்கிறேன். மசேநிதித் திட்டத்தில் கேட்டலிஸ்ட் பங்கு வாங்க முடியாது, அந்த யோசனையையும் விட்டுவிடுங்கள்.

பலர் கவனிக்காத விஷயம் ஒன்று. கேட்டலிஸ்ட் நிறுவனம் ஆண்டுக் கூட்டத்தில் பொது அனுமதி வாங்கிவிட்டால், இருக்கிற பங்கில் 50 விழுக்காடு வரை புதுப் பங்கை, பழைய பங்குதாரருக்கு விகிதப்படி தராமலேயே வெளியாருக்கு விற்கலாம். சந்தை விலையிலிருந்து 10 விழுக்காடு வரை தள்ளுபடியும் தரலாம். ஆலை கட்டக் காசு வேண்டும் என்றால் அங்கிருந்துதான் எடுப்பார்கள். உங்கள் 150,000 பங்கு அப்படியே இருக்கும், நிறுவனத்தில் உங்களுக்கு உள்ள உரிமை விகிதம் குறைந்திருக்கும்.

இன்னொன்றும் பாருங்கள்: காலாண்டுக்கு ஒருமுறை கணக்கு வெளியிடுகிறார்களா? 2020 பிப்ரவரியிலிருந்து எல்லா நிறுவனத்துக்கும் அது கட்டாயமில்லை. தணிக்கையாளர் நிறைவான சான்று தராதவை, நிறுவனம் தொடர்ந்து நடக்குமா என்று ஐயம் எழுப்பப்பட்டவை போன்றவற்றுக்கு மட்டும் கட்டாயம். தாமாக வெளியிடுபவர்களும் உண்டு, அதனால் காரணத்தை அறிக்கையில் தேடுங்கள். புரிந்துணர்வு ஒப்பந்த அறிவிப்பையும் முழுக்கப் படியுங்கள். “சட்டப்படி கட்டுப்படுத்தாது” என்ற வாசகம் அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

குமரன், உட்லண்ட்ஸ்

அண்ணன், அக்கா இருவருக்கும் மனமார்ந்த நன்றி. பச்சைமண் உங்களுக்கும்தான். நேற்று இரவு மனைவியும் நானும் ஆண்டறிக்கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். விற்பனை கூடியிருக்கிறது, செயல்பாட்டு ரொக்கம் இரண்டு வருடமாக மைனஸ். வரவேண்டிய கடனும் கையிருப்புச் சரக்கும் ஏறிக்கொண்டே போகிறது. காலாண்டுக் கணக்கு இல்லை, அது நிம்மதி. ஒப்பந்தத்தில் மீனா அக்கா சொன்ன அதே வாசகம் இருக்கிறது. போன வருடம் ஒருமுறை புதுப் பங்கும் விற்றிருக்கிறார்கள்.

100,000 பங்கை விற்கப் போகிறோம், மீதி 50,000 இருக்கட்டும். ரெனொவேஷன் காசைத் தொடப்போவதில்லை. கையிருப்புச் சரக்கு ஏறுவது நல்லதா கெட்டதா, அதை மட்டும் யாராவது சொல்லுங்கள்.

துவாஸ் செல்வம்

அதை அறிக்கையை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது தம்பி. கண்டெய்னர் அனுமதிக்குக் காத்திருக்கலாம், விலை ஏறட்டும் என்று பிடித்து வைத்திருக்கலாம், விற்க முடியாத மட்டமான சரக்காகவும் இருக்கலாம். குறிப்புகளில் கையிருப்பின் மதிப்பைக் குறைத்து எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். பிறகு ஆண்டுக் கூட்டத்துக்கு முன்பே கேள்வியை எழுதி அனுப்புங்கள்: எத்தனை டன், எந்தத் தரம், எத்தனை மாதமாகக் கிடக்கிறது, இன்றைய விலைக்கு விற்றால் என்ன கிடைக்கும். பங்கு உங்கள் சொந்தப் பெயரில் சிடிபி கணக்கில் (பங்குச் சந்தையின் பங்குக் காப்பகம்) இருந்தால் நேராகவே போகலாம். செயலியில் வாங்கித் தரகரின் பெயரில் இருந்தால், கூட்டத்துக்குப் போக வேண்டும் என்று தரகரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், கடைசி நேரத்தில் கேட்டால் நடக்காது. பதில் வந்ததும் இங்கே போடுங்கள், தரம் பற்றிய பகுதியை நான் படித்துச் சொல்கிறேன்.