பக்கத்துக் கடையைத் தேட ஸ்பேஷியல் இண்டெக்ஸ் கட்டாயமா?

கடைத்தேடல்: டேட்டாபேஸ் மைஎஸ்க்யூஎல் 8. நாடு முழுக்க உள்ள கடைகள், ஒரே டேபிள். அட்சரேகை, தீர்க்கரேகை இரண்டும் டெசிமல் ஃபீல்டு, சேர்த்து ஒரு இண்டெக்ஸ் (சீக்கிரம் தேட உதவும் அடுக்கு). சென்னை சென்ட்ரலிலிருந்து 5 கி.மீ.க்குள் தேடினால் ரொம்ப இழுக்கிறது. வேர் (WHERE) கண்டிஷனில், தூரத்தைக் கணக்கிடும் எஸ்டி_டிஸ்டன்ஸ்_ஸ்பியர் மட்டும்தான். இடங்களைத் தேடவென்றே உள்ள ஸ்பேஷியல் இண்டெக்ஸுக்கு மாறணுமா?

எளியவழி: வேண்டாம். இப்போது ஒவ்வொரு வரிசைக்கும் தூரக் கணக்கு ஓடுகிறது, அதுதான் கோளாறு. முதலில் ஒரு கட்டம் போடுங்க. ஒரு டிகிரி அட்சரேகை சுமார் 111 கி.மீ., ஆக 5 கி.மீ.க்கு 0.045. தீர்க்கரேகைக்கு அதை அட்சரேகையின் காஸைனால் வகுத்தால் சென்னையில் 0.046. இரண்டுக்கும் பிட்வீன் (இதிலிருந்து இதுவரை என்ற எல்லை) போட்டு, மிஞ்சுவதற்கு மட்டும் தூரம் பாருங்க. டேபிளில் கை வைக்கவே வேண்டாம்.

வரைபடப்பித்தன்: கட்டம் சரி, இண்டெக்ஸ் சரியில்லை. உங்களுடையது கூட்டு பி-ட்ரீ, அதாவது இரண்டு ஃபீல்டையும் ஒரே வரிசையில் அடுக்கும் சாதாரண இண்டெக்ஸ். அதில் முதல் ஃபீல்டே ரேஞ்ச் (எல்லைத் தேடல்) ஆகிவிட்டால், இரண்டாவதால் தேடும் எல்லை சுருங்காது. அட்சரேகை 13.038 முதல் 13.128 வரை, 10 கி.மீ. அகலப் பட்டையை நாட்டின் குறுக்கே முழுசாக வாசிக்கும். பெங்களூர் யெலஹங்கா 13.10இல் இருக்கிறது. சென்ட்ரல் பக்கத்தில் கடை தேட, யெலஹங்கா கடைகளை எதற்குப் புரட்டணும்? 1984இல் கட்மன் என்பவர் ஆர்-ட்ரீயை, அதாவது ஸ்பேஷியல் இண்டெக்ஸின் அமைப்பை, கொண்டுவந்ததே இதற்குத்தான். அது இரண்டு அச்சையும் சேர்த்தே செவ்வகங்களாகப் பிரிக்கும்.

எளியவழி: புரட்டினாலும் டேபிள் வரை போகாதே! இண்டெக்ஸ் கண்டிஷன் புஷ்டவுன் தீர்க்கரேகையை இண்டெக்ஸிலேயே வடிகட்டிவிடும். எங்கள் டெலிவரி வண்டிகள் சில நொடிக்கு ஒருமுறை இடத்தை எழுதும். அந்த டேபிளில் ஆர்-ட்ரீ வைத்தோம், எழுதும் வேகம் விழுந்தது, எடுத்துவிட்டோம்.

வரைபடப்பித்தன்: வண்டி நகரும் நண்பரே, கடை நகராது. புஷ்டவுன் இருந்தாலும் பட்டையில் உள்ள இண்டெக்ஸ் பதிவுகளை எல்லாம் வாசித்தே ஆகணும். கடைகள் கூடக் கூட அதுவும் கூடும். கடைத்தேடல், இடத்தை வைக்கும் பாயிண்ட் ஃபீல்டு, காலியாக விட முடியாத ‘நாட் நல்’ (NOT NULL) ஃபீல்டாக இருக்கணும். எஸ்ஆர்ஐடி 4326 (அட்சரேகை, தீர்க்கரேகை முறைக்கான எண்) என்று ஃபீல்டிலேயே சொல்லாவிட்டால், தேடும் வழியைத் தேர்ந்தெடுக்கும் ஆப்டிமைசர் அந்த இண்டெக்ஸைத் திரும்பியும் பார்க்காது. செவ்வகத்துக்குள் இருக்கிறதா என்று பார்க்கும் எம்பிஆர்கன்டெய்ன்ஸ் வைத்துக் கட்டம் போட்ட பிறகுதான் தூரம்.

கடைத்தேடல்: செய்தேன். தேடும் வழியைக் காட்டும் எக்ஸ்ப்ளெயினில், கீ இடத்தில் புது இண்டெக்ஸ் பெயர் வருகிறது, பதிலும் உடனே வருகிறது. ஆனால் ஒரு கடைகூட இல்லை.

வரைபடப்பித்தன்: பாயிண்டை எப்படி எழுதினீங்க?

கடைத்தேடல்: பாயிண்ட்(80.27 13.08) என்று. போஸ்ட்ஜிஐஎஸ்ஸில் (போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் வரைபட இணைப்பு) இப்படித்தானே எழுதுவோம்.

வரைபடப்பித்தன்: அங்கே தீர்க்கரேகை முதலில். மைஎஸ்க்யூஎல் 8இல் 4326க்கு அட்சரேகைதான் முதலில். உங்கள் கடைகள் 80 டிகிரி வடக்கில், ஆர்க்டிக்கில் உள்ள ஸ்வால்பார்ட் தீவுகள் பக்கம் போய்விட்டன. 80 செல்லுபடியாகும் அட்சரேகை என்பதால் எரர்கூட வராது. இரண்டு எண்களையும் இடம் மாற்றி ஏற்றுங்க.

எளியவழி: தனித்தனி டெசிமல் ஃபீல்டில் இந்தச் சிக்கலே வந்திருக்காது. அதனால்தான் முதலிலேயே வேண்டாம் என்றேன்.

கடைத்தேடல்: மாற்றி ஏற்றிவிட்டேன், கடைகள் வருகின்றன. வண்டிகளுக்குத் தனி டேபிள் இருக்கிறது. அதில் டெசிமலே இருக்கட்டும்.